இரண்டு தகரம் வர்க்கி

வண்டி பார்க்கத் தெரியாது எனக்கு.
வர்க்கி பார்க்கத் தெரியும்.
அதனால் வண்டிக்கொரு தகரம், தகரத்துக்கு நூறு,
எண்ணி அடுக்கி ஏற்றினேன்.
கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வரை இறங்கி
அதே வளைவுகளில் திரும்ப ஏறவேண்டும்,
ஒன்றன்பின் ஒன்றாய்.

இறங்கும்போது ஜோகியின் மெட்டடாரில் உட்கார்ந்தேன்.
டெம்போ கம்பெனி, தொண்ணூற்றாறு.
சாவி திருப்பியதும் இருமியது, யோசித்தது,
பிறகு ஊருக்கே சொல்லிவிட்டுக் கிளம்பியது.
காலையில் முட்டைக்கோஸ் ஏற்றிய தரை
இன்னும் ஈரம்.
தன் வண்டியைத் தானே திட்டிக்கொண்டு வந்தார் ஜோகி:
பின்னால் பாரம் கூடினால் முன்சக்கரம் வழுக்கும்,
இரண்டாவது கியர் கெஞ்சினால்தான் விழும்,
ஹேண்ட் பிரேக்கா, அதோ அந்தக் கல்.
சீட்டுக்கடியில் நிஜமாகவே ஒரு கல்.

ஏறும்போது அல்போன்ஸின் ஆம்னி.
மாருதி, வெள்ளை, ஒரே கை ஓட்டியது.
தீப்பெட்டி திறப்பதுபோலச் சறுக்கித் திறக்கும் கதவு.
அவர் ஒரு குறையும் சொல்லவில்லை.
வண்டிக்கு மூக்கே கிடையாது;
என் முழங்காலுக்கு அப்புறம் கண்ணாடி,
கண்ணாடிக்கு அப்புறம் பள்ளம்.
இருக்கைக்குக் கீழே எஞ்சின்.
இந்தக் குளிரில் அது சுகம்தான், மறைக்க மாட்டேன்.

அரவேணு நிழற்குடையில் நிறுத்தி எண்ணினேன்.
மெட்டடாரில் உடைந்தது முப்பத்தொன்று.
ஆம்னியில் நான்கு.
அல்போன்ஸ் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

ஆம்னித் தகரத்தில் முழுசாய் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.
டால்டா இல்லை, மாவின் புளிப்பு இல்லை,
விறகடுப்பின் கருகல் இல்லை,
பெட்ரோல்.
இன்னொன்று. பெட்ரோல்.
மிச்சமெல்லாம் அழகாய், அடுக்குக் குலையாமல்,
பெட்ரோல்.

கொழுந்தெடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்ற நாலு பெண்கள்
அதற்குள் ஜோகியின் தகரத்தைச் சூழ்ந்திருந்தார்கள்.
துண்டுகளைத் தின்று, தூளை உள்ளங்கையில் தட்டி
அதையும் வாயில் போட்டுக்கொண்டார்கள்.
டீசல் வாசம் வருதா, என்றேன்.
ஒருத்தி மோந்து பார்த்தாள்.
இல்லையே. கோஸ் வாசம் கொஞ்சம்.

கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் போச்சு என்கிறார் அல்போன்ஸ்.
அடியில் பழைய கம்பளி போடு என்கிறார் ஜோகி.
விலையில் எட்டாயிரம் வித்தியாசம்.
நான் முப்பத்தொன்றை
மாதத்தால் பெருக்கிக்கொண்டு நிற்கிறேன்.

பஸ் வந்தது.
படியில் ஒரு கால் வைத்தவள்
திரும்பிக் கேட்டாள்:
நாளைக்கும் உடையுமா?