ங்

செக்கிங் டேபிளில், டியூப் லைட்டுக்குக் கீழே
ஒரு நாளைக்கு அறுநூறு பனியன் புரட்டுகிறேன்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, நிறம் சேராதது,
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
பதினொரு வருஷம்
பழுதை மட்டுமே பார்த்துப் பழகிய கண்.

ஆவணியில் கிதியோனுக்கு முகம் வீங்கியது.
புரட்டாசியில் கால்.
சாயப்பட்டறைத் தண்ணியில் நின்ற கால்தானே என்று
தேங்காயெண்ணெய் தேய்த்தோம்.
ஐப்பசியில் டாக்டர் ஒரு தாளில்
அவரைக்கொட்டை மாதிரி ரெண்டு வரைந்து
ரெண்டின் மேலும் கோடு போட்டார்.

செவ்வாயும் வெள்ளியும் கோயமுத்தூர்.
ஐந்தே முக்கால் பஸ்.
அவினாசி தாண்டுவதற்குள் என் தோளில் தூங்கிவிடுவார்.
அங்கே நாலு மணி நேரம்
அவர் ரத்தம் குழாய் வழியே வெளியே போய்
ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பும்.
நான் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிப்பேன்.

ஜெபம் என்றால், ஆயர் பண்ணுவாரே, அப்படி.
மகா பரிசுத்தமுள்ள பிதாவே,
தேவரீர் அடியாளின் விண்ணப்பத்துக்கு இரங்கியருளும்.
நல்ல தமிழ்தான்.
ஞாயிற்றுக்கிழமைப் பட்டுச்சேலை.
செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில்
கால் தடுக்கியது.
'தேவரீர்' என்று ஆரம்பித்துவிட்டு
ஏலச்சீட்டு மூணு தவணை பாக்கி என்று
எப்படி முடிப்பது?

சபையில் நல்லவர்கள் இருக்கிறார்கள்.
அரிசி கொடுத்தார்கள், பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார்கள்.
"விசுவாசத்த விட்றாத கண்ணு" என்றார்கள்.
ஓர் அக்கா மட்டும்
வீட்டில் மறைவான பாவம் ஏதாவது உண்டா என்று கேட்டாள்.
அவளுக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.
சர்க்கரை கொஞ்சம் கம்மி.

மார்கழியில் ஒரு வெள்ளி.
மிஷின் ரிப்பேராகிக் கடைசி ஆளாகத்தான் அவரை ஏற்றினார்கள்.
காந்திபுரம் வந்தபோது மணி பதினொன்று.
பஸ் இல்லை. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறார்.
கையில் அறுபத்திரண்டு ரூபாய்.
வாயில் இருந்து வந்துவிட்டது:

"ஏனுங், உங்களுக்குக் கண்ணு தெரியறதில்லீங்களா?
ஒரு பீடி குடிச்ச மனுசன் இல்லீங்.
இதுக்கு மேல என்னால ஆகாதுங்.
என்னதான் பண்ணச் சொல்றீங்?"

சொன்ன பிறகு உடம்பு நடுங்கியது.
ஆண்டவரோடு சண்டை, அதுவும் பஸ் ஸ்டாண்டில்.
அப்புறம், கை சும்மா இருக்காதே,
சொன்னதைப் பனியன் மாதிரி விரித்துப்
பழுது எங்கே என்று தேடினேன்.

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும்
அந்த 'ங்' இருந்தது.

சூப்பர்வைசரோடு சண்டை போட்ட அன்று அது கழன்று விழுந்திருக்கிறது.
மச்சாண்டார் காட்டை விற்றுவிட்டு
பங்கு தராமல் நின்றபோது
அவர் முகத்துக்கு நேரே விழுந்திருக்கிறது.
இந்த ராத்திரி விழவில்லை.
நானாகப் பிடித்து வைக்கவும் இல்லை.

ஆளில்லாத வாசலில் நின்று
யாரும் 'ங்' போடுவதில்லை.
எனக்கே தெரியாமல்
யாரையோ எதிரில் உட்காரவைத்துத்தான்
திட்டியிருக்கிறேன்.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை.
நாத்தனார் கிட்னி பொருந்தவில்லை.
கம்பெனியில் ஷிப்மென்ட் நின்று ரெண்டு வாரம் கூலி இல்லை.
தண்ணியை இன்னும் டம்ளரில் கோடு கிழித்துத்தான் கொடுக்கிறேன்.
ஆனால் பட்டுச்சேலையை மடித்து வைத்துவிட்டேன்.
இருக்கிறதை இருக்கிறபடி சொல்கிறேன்.
இங்க ஓட்டைங், இங்க கறைங்.
அம்பு ஒட்டினால்
துணியைத் தூக்கி எறிகிறோம் என்று அர்த்தமில்லை.
சரி பண்ணுகிற கைக்கு
இடம் காட்டுகிறோம், அவ்வளவுதான்.
எப்போது என்று எனக்குத் தெரியாது.

இன்று செவ்வாய். அவினாசி தாண்டியாகிவிட்டது.
ஜன்னலில் பனி.
தூங்குகிறார் என்று நினைத்துத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.
கண்ணைத் திறக்காமலே கேட்கிறார்:
"யாருகோட தொற்காளு, பேசிட்டே வர்றே?"

"தெரிஞ்சவருகோடத்தானுங்.
நீங்க தூங்குங்."