செவ்வாய்க்கிழமை வரை ரொட்டி

பதினெட்டு கிலோ எடுத்தால் ஒரு பேர்.
நான் பதினொன்றோடு தராசுக்கு வருவேன்.
கணக்கப்பிள்ளை அரைப்பேர் என்று எழுதிவிட்டு
பேனையை மூடாமலே அடுத்த ஆளைப் பார்ப்பார்.
சந்தனமேரிக்கு உடம்பு வளையாது என்று
பெரட்டுக்களத்தில் பேச்சு.
ஏழு வருசம் நானும் அதை நம்பினேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இரும்புக் குளிசை.
கிளினிக்கில் அதைவிடப் பெரிய குளிசை.
நகம் கரண்டிபோலக் குழிந்தது,
வாய்ப்புண் ஆறி ஆறி வந்தது,
இரத்தம் மட்டும் ஏறவில்லை.
அட்டை குடித்தது என்றார்கள், பூச்சி என்றார்கள்,
தங்காமல் போன இரண்டு பிள்ளைகளைச் சொன்னார்கள்.
காரணம் சொல்ல இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.

வயிறு பெரிதாய் ஒன்றும் முறையிடவில்லை.
அந்திக்குக் கொஞ்சம் உப்பும், அவ்வளவுதான்.
முழங்கையில் கொப்புளம் வந்து அரித்தபோது
மருந்தடித்த மலைமேல் பழி போட்டேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் புதிதாய் வந்த
டாக்டர் நஸ்லியாதான் முதலில் கேட்டார்:
"காலையில என்ன சாப்பிடுவீங்க?"
ரொட்டி.
"பகலுக்கு?"
மலைக்குக் கட்டிக்கொண்டுபோன ரொட்டி.
"ராவைக்கு?"
நான் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்காமல் எழுதினார்.

இரத்தம் எடுத்தார்கள். பிறகு கண்டியில்
வாய்வழியே குழாய் விட்டு
குடலில் ஒரு துணுக்குக் கிள்ளினார்கள்.
துண்டுச் சீட்டின் பின்பக்கம் டாக்டர் படம் கீறினார்.
நல்ல குடலில் விரல் விரலாய் நிற்குமாம்,
சோற்றிலிருந்து சத்தைக் கொய்து எடுக்க.
"உங்கட இப்படி" என்று
பக்கத்தில் ஒரு மொட்டைக் கோடு.
தேய்ந்துபோன கம்பளம் மாதிரி என்றார்.
நான் கம்பளத்தில் நடந்ததில்லை.
கவ்வாத்து வெட்டிய மலை தெரியும்:
குச்சி குச்சியாய்,
எவ்வளவு உரம் கொட்டினாலும்
அன்றைக்குக் கிள்ள ஒரு கொழுந்தில்லை.

சீலியாக் என்று பேர் சொன்னார்.
கோதுமை உள்ளே போனால்
என் உடம்பே கத்தியெடுத்து என் குடலை வெட்டுமாம்.
உலகத்தில் நூறு பேருக்கு ஒருவர் இருக்கலாமாம்.
"இங்க?" என்றேன்.
"இங்க யாரும் ஒழுங்கா எண்ணிப் பார்க்கல."

பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன்.
எங்கள் டிவிசனில் பெரட்டுக்கு நூற்றிநாற்பது பேர்.
எல்லோரும் வெளுத்துத்தான் இருக்கிறோம்.
வெளுத்தவர்களுக்குள் ஒருத்தியை
எந்த வெளிச்சத்தில் தேடுவது?

இப்போது சோறு, குரக்கன், மரவள்ளி.
கடைக்கடன் கூடியிருக்கிறது; கொழுந்தும்.
போன கிழமை பதினாறு கிலோ.
ஞாயிறு பூசையில் வரிசைக்குப் போகாமல் இருந்தேன்.
பாதர் கேட்டார். அப்பமும் கோதுமைதானே என்றேன்.
கொஞ்ச நேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் மகள் ஜெனிட்டாவுக்குப் பதினொரு வயது.
பள்ளிக்கூட வரிசையில் அவள்தான் எப்போதும் முன்னால்;
கெட்டிக்காரி என்பதால் அல்ல, குட்டை என்பதால்.
தாய்க்கு இருந்தால் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்றாம்.
செவ்வாய்க்கிழமை அவளுக்கு இரத்தம் எடுக்கிறார்கள்.
"அதுவரைக்கும் ரொட்டிய நிப்பாட்டிடாதீங்க,
நிப்பாட்டினா ரிப்போட்ல தெரியாமப் போயிடும்."

இன்று சனி.
லைட்டில்லாத காம்பராவில் அடுப்பு மட்டும் எரிகிறது.
மாவைப் பிசைந்து தட்டிப் போடுகிறேன்.
கட்டைச் சம்பலோடு இரண்டு தின்றுவிட்டு
"இன்னொன்னு" என்கிறாள்.
கொடுக்கிறேன்.
பிறகு பீலிக்குப் போய்
நகக்கண்ணில் ஒட்டிய மா போகும்வரை
கை கழுவுகிறேன்.