அடியில் நிற்பது

இரவு மூன்றேகால். கிளேட்டன்.
ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்,
எட்டுக் குளிர்பெட்டிகள்,
சுற்றிச் சுற்றி நிற்கும் ஓர் இயந்திரம்.
பகலெல்லாம் மெல்பேர்ன் கழித்த சிறுநீர்
மஞ்சள் மூடிக் குழாய்களில் வந்து சேரும்.
ஐந்து நிமிடம் சுழற்றி
மேல்நீரைக் கொட்டிவிட்டால்
மிச்சம் ஒரு துளி வண்டல்.
அதில்தான் என் சம்பளம்.

எவ்தோக்கியாதான் சொன்னாள்,
கையுறையைக் கழற்றாமலே:
இதற்கு எங்கள் பழைய வைத்தியர்கள் வைத்த பெயர்
இப்போஸ்தசிஸ்.
கீழே நிற்பது.
குடுவையை வெளிச்சத்தில் பிடித்து
இவன் பிழைப்பான், இவன் மாட்டான் என்பார்களாம்.
பிறகு தத்துவம் பேசுகிறவர்கள் வந்து
அந்தச் சொல்லைக் கடன் வாங்கிப் போனார்கள்:
தோற்றமெல்லாம் கலங்கித் தெளிந்தபின்
அடியில் எது நிற்கிறதோ, அது.
அவர்களிடமிருந்து ஆயர்கள்.
ஆயர்கள் திருப்பித் தரவில்லை.

அப்படியானால்
ஞாயிறுதோறும் வாடகை மண்டபத்துத் தமிழ்ப் பூசையில்
நான் எழுந்து நின்று விசுவசிக்கிற
மூன்று ஆட்களும்
இந்தக் குழாயின் அடியிலிருந்து வந்தவர்களா?

சிரித்துவிட்டேன். கொஞ்சம் பயமாகவும் இருந்தது.
மன்னாரில் மறைக்கல்வி சிஸ்டர்
ஆள் என்றே சொல்லித்தந்தார்.
ஆள் என்றால் எங்களுக்குக் கரைவலை இழுக்க வருகிறவர்.
நாளைக்கு மூண்டு ஆள் வேணும் என்பார் சம்மாட்டி.
ஆக, ஒன்பது வயதில் என் திரித்துவம்
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
கூலிக்கு நின்றது.

இலத்தீன்காரர் சொன்னது முகமூடியை,
கூத்தாடி மாட்டிக்கொள்வது.
கிரேக்கருக்கு வண்டல்.
வண்டலும் முகமூடியும் ஒன்றா என்று
ஆண்டாண்டாய் அடித்துக்கொண்டார்கள்,
ஊர்விட்டு ஊர் துரத்தினார்கள் என்றாள்.
ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் மட்டும்
இருந்திருந்தால் என்று நான் தொடங்க
இயந்திரம் நின்று மணியடித்தது.

விடிந்ததும் ஓக்லியில் கோப்பி வாங்கித் தருவாள்.
முதல் நாள் தெரியாமல் கடைசிவரை குடித்து
பல்லெல்லாம் தூள்.
அதைக் குடிக்காதே, அது ஆள், என்றாள்
என்னிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லை வைத்து.
கசடு அறவேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான்.
வடித்து, இறுத்து, மேலாக எடுத்து.
கசடை நம்புகிறவர்களும் உண்டென்று
நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்.
குழாயில் ஒட்டியிருந்தது அவளுடைய குடும்பப்பெயர்.
பிறந்த ஆண்டு 1938.
எவ்தோக்கியா அன்று விடுப்பு.
துளியை வைத்தேன். வில்லையைத் திருகினேன்.
சேற்று நிறத்தில் உடைந்த உருளைகள்,
புலம் முழுக்க.
சிறுநீரகம் தன் சுவரையே
பெயர்த்து அனுப்பும் நிறம்.
எண்ணினேன்.
இன்னொரு முறை எண்ணினேன்.

அந்த அம்மாவை ஒரே தடவை பார்த்திருக்கிறேன்.
கார்க் கண்ணாடியை இறக்கி
என் குளிர்ச்சட்டைப் பொத்தானைப் பூட்டச் சொன்னார்,
எனக்குத் தெரியாத மொழியில்,
விரலால்.
அந்த விரலும் இந்தத் துளியும்
ஒரே பெயரின் கீழ் நின்றன.
திரையில் தட்டினேன்: மிகுதி.
மருத்துவருக்குத் தொலைபேசி.
அவளுக்கு இல்லை.
சட்டம் அப்படி.

நாற்பதாம் நாள் கழிந்து
தேநீர் அறையில் ஆளுக்கொரு வெள்ளைத் தாள்பை.
அவித்த கோதுமை, மாதுளை, சர்க்கரை.
கிறிஸ்துவுக்கு முன்பே எங்கள் செத்தவர்களுக்கு
இதைத்தான் கொடுத்தோம் என்றாள்,
சாமியார்கள் பிறகு வந்து மேலே சிலுவை போட்டார்கள்.
வேறெதுவும் கேட்கவில்லை.
அன்றிரவு வேலையில் இருந்தது யாரென்று
பட்டியலில் இருக்கிறது.

மென்றேன்.
பையின் அடியில் சர்க்கரை
மாதுளைச் சாற்றில் ஊறி
சிவந்து தங்கியிருந்தது.
சற்று நேரம் பார்த்துவிட்டு
விரலால் வழித்து
அதையும்.