அண்டையில்

ஞாயிறு காலை பத்து மணிக்கு
எங்கள் வகுப்பு ஒரு பந்தயத் திடல்.
ஆறு வசனம், ஒரே மூச்சு, பிசகக் கூடாது.
கெர்சோம் பதினாறு விநாடியில் முடிப்பான்.
மூன்று வருடமாக ஜியாமெட்ரி பாக்ஸ் அவனுக்குத்தான்.
சின்ன வயதில் நானும் அப்படித்தான் ஜெயித்தேன்,
எவர்சில்வர் டம்ளர், விளிம்பில் பெயர் வெட்டியது.

இந்த வாரம் கரண்ட் இல்லை.
பருவம் தப்பிய தை மழை
ஆலயத்து ஓடு வழியே இறங்கி
போட்டித்தாளை ஊறவைத்துவிட்டது.
கரும்பலகை மட்டும் காய்ந்திருந்தது.
இரண்டே சொல் எழுதினேன்:
அமர்ந்த தண்ணீர்.

"மீதி, டீச்சர்?"
மீதி இன்றைக்கு வேண்டாம்.
"எத்தனை மார்க்?"
மார்க் கிடையாது.
கண்ணை மூட வேண்டியதில்லை.
இந்தத் தண்ணீரை எங்கே பார்த்தீர்கள்,
அதை மட்டும் நினையுங்கள்.
வேதாரண்யம் பஸ் அடப்பாற்றுப் பாலம் ஏறி இறங்கி
சத்தம் தேயும் வரை யாரும் பேசக்கூடாது.

பஸ் தாமதம்.
பியூலா கொசு கடித்த காலைச் சொறிந்தாள்.
யாரோ சிரிக்கப் பார்த்து விழுங்கிக்கொண்டார்கள்.
பக்கெட்டில் சொட்டுகிற சத்தம்
மெல்ல வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தது.

பஸ் போனதும் பியூலாதான் முதலில்:
"லாரித் தண்ணி, டீச்சர்.
குடத்துல பிடிச்சு ஆட்டாம வச்சா
மண்ணு கீழ போயிரும்.
அம்மா மேலாப்ல மொண்டு குடுக்கும்."

நத்தானியேல்: "இறால் குட்டை.
விசிறி நின்னா தண்ணி அமர்ந்துரும்.
விடிஞ்சா இறால் மிதக்கும்."

தெபோராள் எழுந்திருக்கவில்லை.
"எங்க வயலு.
பதினோரு நாளு.
கதிரு சாஞ்சு அப்படியே முளைச்சிருச்சு.
தண்ணி உக்காந்துச்சு டீச்சர்,
அப்பா உக்காரவே இல்ல.
அங்க எதுக்குக் கூட்டிட்டுப் போறாரு மேய்ப்பரு?"

பாடக் குறிப்பில்
'சமாதானம்' என்று ஒரு வார்த்தை இருந்தது.
சனிக்கிழமை ராத்திரியே
சிவப்பில் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்.
அதை எடுக்க வாய் வரவில்லை.

வாரநாளில் நான் நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர்.
வெள்ளிக்கிழமை அவள் அப்பா பாக்கியநாதன்
கொண்டுவந்த நெல்லை
ஈரமானி இருபத்திரண்டு என்றது.
காயவைத்து எடுத்து வாங்க என்று சொன்னது
இதே வாய்.

சுண்ணக்கட்டி விரலில் மாவாகிக்கொண்டிருந்தது.
அப்போது கெர்சோம்,
எப்போதும் முடித்துவிட்டு ஜன்னல் பார்க்கிறவன்,
"முழுசும் சொல்லிப் பாத்தேன் டீச்சர். மெதுவா.
தண்ணிக்குள்ளன்னு இல்ல.
அண்டையிலன்னு இருக்கு" என்றான்.

முப்பது வருடம் நான் ஓட்டிப்போன வசனம்.
அந்த நிறுத்தத்தில்
ஒருநாளும் நின்றதில்லை.

தெபோராள் முகம் தெளியவில்லை.
கொஞ்சநேரம் பலகையைப் பார்த்தாள்.
"அண்டையிலன்னா...
வரப்புலயா?"

யாரும் பதில் சொல்லவில்லை.
நானும்.
மணி அடித்தது.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
சேற்றில் கால் வைத்துப் போனாள்,
அந்த ஒரு சொல்லையே முணுமுணுத்தபடி,
வரப்புலயா, வரப்புலயா,
சந்தேகமாக ஒருதரம், கோபமாக ஒருதரம்,
பிறகு எனக்குக் கேட்காத தூரத்தில் ஒருதரம்.

திங்கட்கிழமை.
ஈரமானி இருபது.
பதினேழுக்கு மேல் எடுக்க எனக்கு உத்தரவில்லை.
எண்ணைத் திருத்தும் பேனாவும் என்னிடம் இல்லை.

பாக்கியநாதன் ரோட்டோரத் தார்ப்பாயில்
நெல்லைப் பரப்பி
காலால் சால் பிடித்துக் கிளறிக்கொண்டிருந்தார்.
சாப்பாட்டு நேரம்.
டிபன் பாக்ஸை மேசையில் விட்டுவிட்டு
நெல்லின் ஓரமாய்ப் போய் நின்றேன்.
ஏன் வந்தேன் என்று அவர் கேட்கவில்லை,
நிமிரவும் இல்லை.
"தெக்கால கருக்குதா,
கொஞ்சம் பாருங்கம்மா" என்றார்.

பார்த்தேன்.