பதினாறு டிகிரி

ஜெலுத்தோங்கில் பத்தாவது மாடி.
லிஃப்ட் ஒன்பதோடு நின்றுவிடும், மிச்சம் படி.
கேமராப் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு ஏறினேன்.
கதவைத் திறந்த மாசிலாமணி
உள்ளே வாங்க என்பதற்கு முன்னாலேயே
விட்டத்தைக் காட்டினார்:
“அங்கேருந்துதான்.”

ஹால் மூலையில் பூசணம்,
பினாங்குத் தீவைத் தலைகீழாய் மாட்டியதுபோல்,
கரையோரம் பச்சை, நடுவில் கறுப்பு.
இரண்டு வருஷத்தில்
நிர்வாகத்துக்கு ஒன்பது கடிதம் போயிருக்கிறது.
மேல்வீட்டு ஊய், குளியலறையைக் கொத்தி
நாலாயிரம் வெள்ளிக்கு டைல்ஸ் மாற்றிவிட்டார்.
அப்படியும் ஈரம்.
லிஃப்டில் எதிர்ப்பட்டால்
இருவரும் பொத்தான் எண்களைப் படிப்பார்களாம்,
பரீட்சைக்குப் போகிறவர்கள் மாதிரி.

பிற்பகல் மூன்று. வெளியே முப்பத்து மூன்று.
திரையில் வீடு பழுத்துக் கிடந்தது:
ஜன்னல் சுவர் பப்பாளி,
ரைஸ் குக்கர் கண் கூசும் வெள்ளை,
நேற்றைய சட்டை மாட்டிய நாற்காலி இளமஞ்சள்.
விட்டம் முழுக்க, ஊயின் தரைக்குக் கீழே,
ஒரே சீரான மஞ்சள்.
ஒரு சொட்டு நீலமில்லை.

“சுவருக்குள்ளே தெரியுமா இதுல?”
“தெரியாது அங்கிள், தோல்தான் தெரியும்.
காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைப்போமே,
அவ்வளவுதான் இது.”

மூலைக்கு இறக்கினேன்.
கத்தரிப்பூ நிறம் அங்கே தொடங்கியது.
மேலே ஏறவில்லை அது;
பக்கவாட்டில் ஓடியது,
காலண்டரைத் தாண்டி,
குடை தொங்கும் ஆணியைத் தாண்டி,
சாத்தியிருந்த ஓர் அறையை நோக்கி.
நிலையைச் சுற்றி மை கொட்டிய நீலம்.
இருபது புள்ளி நாலு.
கதவின் அடியிடுக்கில் பதினெட்டு.
எண் வருவதற்குள்
என் வெறுங்கால் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது.

“சம்சாரம் தூங்குது,” என்றார், குரலை மடித்து.
பாயான் லெப்பாஸில் சிப்பு செய்யும் தொழிற்சாலை,
பதினோரு வருஷமாக இரவு வேலை.
அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது
இவர் மோட்டாரைக் கிளப்புவார்.
“ஃபேக்டரிக் குளிர் பழகிப்போச்சு.
பதினாறுல வச்சாத்தான் கண்ணை மூடும்.”

கடலோரக் காற்று, கனமானது.
குளிர்ந்த சுவரில் சாய்ந்ததும் வியர்க்கிறது.
ஐஸ் மைலோ கிளாஸ் வெளிப்புறம் நனைவதற்கு
மேல்மாடியை யாரும் திட்டுவதில்லை.
இதை நான் சொல்லவில்லை;
வேறு மாதிரி, மரியாதையாகச் சொன்னேன்.

கதவை ஒரு சாண் திறந்தார்.
திரை முழுக்க நீலம்.
அதில் போர்வைக்குள் ஒரு நீளமான ஆரஞ்சு,
மூச்சு விடும் இடத்தில் மட்டும் அதிகச் சிவப்பு.
கட்டிலின் மறுபாதி
சுவரின் நிறத்திலேயே இருந்தது.
கேமராவைத் தாழ்த்தினேன்.
இதற்கு அவர் காசு கொடுக்கவில்லை.

“மேலேருந்தும் கொஞ்சம்னு
ரிப்போர்ட்ல போட முடியுமா?”
“முடியாது அங்கிள்.”
அந்த நேரம் பார்த்து மேலே
கோலிக்குண்டு உருளும் சத்தம்,
எல்லா ஃப்ளாட்டிலும் கேட்கிற அதே சத்தம்.
இருவரும் நிமிர்ந்து பார்த்தோம், பழக்கதோஷம்.

பிறகு அவர் ஈரச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தார்.
நான் சொன்னதைச் சரிபார்க்கிறாரோ என்னவோ,
வெகுநேரம் எடுக்கவில்லை.
எடுத்த பின்னும் திரையில்
ஐந்து விரலும் அங்கேயே நின்றன;
விரல் நுனிகள் முதலில் நீலமாயின.
பொத்தானை எப்போது அழுத்தினேனோ, தெரியாது.
படம் பதினேழு.

முந்நூற்றைம்பது வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிட்டு
ரிப்போர்ட்டில் இரண்டு பிரதி கேட்டார்.
இரண்டாவது யாருக்கென்று சொல்லவில்லை.
படி வரைக்கும் வந்து
மேலே போகும் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரவு உட்கார்ந்து தட்டச்சு செய்தேன்.
காரணம்: அறைகளுக்கிடையே வெப்ப வேறுபாடு.
பரிந்துரை ஒன்று: ஏர்கோன் இருபத்து நாலு.
பரிந்துரை இரண்டு: படுக்கையறைக் கதவைச் சுற்றியுள்ள
இடைவெளிகளை முழுமையாக அடைக்கவும்.

சரியான வாசகம்தான்.
மூன்று முறை படித்துவிட்டு அனுப்பினேன்,
பதினேழாம் படத்தை எடுக்காமல்.