ஐந்தாவது ஆள்

இல்கெஸ்டனில், டயர் கடைக்குப் பின்னால்,
ஒரு கார் நிறுத்துகிற அளவு இடம்.
இதைத்தான் கம்பெனி என்று
வரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்
நானும் க்ளைவ் ஆட்டவெல்லும்.

இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு லாரி,
அதிலிருந்து சரக்கு இறக்கும் ஐந்து பேர்.
சுடுகிறவர்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கிறார்கள்,
மூட்டை தூக்கத்தான் ஆள் தட்டுப்பாடு
என்பது க்ளைவின் கணக்கு.

லாரியை அவன் கணினியில் வரைந்தான்.
பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே
எவ்வளவு இடைவெளி என்று
மங்கிப்போன ஒரே புகைப்படத்தோடு மூன்று இரவு.
வார்த்தது ஆறும்போது சுருங்கும்.
அதனால் பிறக்கும் முன்பே
கொஞ்சம் பெரிதாக்கி வைக்க வேண்டும்.
போல்ட்டுகளை எண்ணுகிறவர்கள்தான் வாங்குவார்கள்.
ஒன்று குறைந்தால் கடிதம் வரும்.
கூடினாலும் வரும்.

ஆட்கள் என் பங்கு.
மஞ்சள் புட்டியும் நீலப் புட்டியும் பிசைந்தால் பச்சை.
அது இறுகுவதற்குள்
ஒரு மனிதனுக்குக் கோட்டு மாட்டிவிட வேண்டும்.
எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்,
இருபத்தெட்டு மில்லிமீட்டர் உடம்புக்கு இன்னும் அதிகம்.
சரியான அளவில் தலை வைத்தால்
மூன்றடி தள்ளி நிற்பவர் கண்ணுக்கு அது குண்டூசி.
ஆகவே தலை பெரிது, கை பெரிது,
துப்பாக்கி உருட்டுக்கட்டை.
அப்படிச் செய்தால்தான் அச்சு அசல் என்கிறார்கள்.

டிரைவருக்கு டயர் கடை நோயலின் மூக்கு.
அவனிடம் சொல்லவில்லை.
ஐந்தாவது ஆள் கையை உயர்த்தி
வா, வா, இன்னும் பின்னால் வா என்று
லாரிக்கு வழி காட்டுகிறான்.
அவன் விரல்களை ஊசி முனையில்
ஒவ்வொன்றாகப் பிரித்திருந்தேன்.

ரப்பர் அச்சு சுழல,
ஈயமும் வெள்ளீயமும் உருகி நடுவில் இறங்க,
டால்கம் பவுடர் பறக்கப் பிரித்துப் பார்த்தால்
நான்கு பேர் முழுசாக.
ஐந்தாமவன் மணிக்கட்டோடு நிற்கிறான்.

காற்று.
அந்தக் கைக்குள் முதலில் போய் உட்கார்ந்துகொண்டு
நகர மாட்டேன் என்கிறது,
ரயிலில் ஜன்னல் சீட்டு பிடித்தவர் மாதிரி.

கத்தியால் வழி வெட்டினேன்.
பக்கத்தில் இன்னொரு வழி.
சூட்டைக் கூட்டினோம், வேகத்தைக் குறைத்தோம்.
ஒரே ஒருமுறை கட்டைவிரல் மட்டும் வந்தது.
அன்று இருவரும் கைதட்டினோம்.

பச்சை மூல உருவம்
முதல் அச்சை அழுத்தியபோதே நொறுங்கிவிட்டது.
இன்னோர் அச்சுக்குத்தான் பணம், அதற்கு மேல் இல்லை.
கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள்.
க்ளைவ் பில்களிலிருந்து தலை நிமிராமல் சொன்னான்:
"ஹிலரி, அவன் கையைப் பாக்கெட்டில் விடு."

விட்டேன்.
தோளோடு அறுத்து, முழங்கை மடக்கி,
கோட்டில் ஒரு புடைப்பு.
இருபது நிமிட வேலை.
கோபத்தில் செய்ததால் முகத்தைத் தொடவில்லை.
கூப்பிடுகிற வாய் கூப்பிட்டபடியே இருந்தது.

டார்பியில், விளையாட்டு அரங்கின் மடக்கு மேசையில்,
ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
அவனை மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.
"கொட்டாவி விடுகிறான்" என்றார்.
"எல்லாரும் தூக்கும்போது பாக்கெட்டில் கையோடு ஒருத்தன்.
எங்கள் பட்டாளத்தில் அவன் பெயர் வில்ஃப்."
நான்கு செட் வாங்கினார்.
நான் வாயைத் திறக்குமுன்
க்ளைவ் மேசைக்கடியில் என் காலை மிதித்தான்.
ஆமாம், கொட்டாவிதான் என்றேன்.

லாரியின் போல்ட்டை யாரும் எண்ணவில்லை.
க்ளைவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

திங்கட்கிழமை பானையைச் சூடேற்றினேன்.
பிஸ்கட் டப்பாவில் நாற்பத்தொரு பேர்
இல்லாத கையை உயர்த்திக்கொண்டு கிடந்தார்கள்.
ஒவ்வொருவராக இறக்கினேன்.
கோட்டு மடிப்பு முதலில் மழுங்கும்,
அப்புறம் ஆள் என்று ஒன்றும் இருக்காது,
மேலே ஒரு சாம்பல் ஆடை.

கட்டைவிரல்காரனை மட்டும் போடவில்லை.
அவன் ஜன்னல் விளிம்பில் நிற்கிறான்.
நோயலின் கடைக்குள்
பின்பக்கமாக வருகிற வேன்களுக்கு
சரி, சரி, வரலாம் என்று
நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு.