ஃபாஸ்ட்

விபத்துப் படிவத்தில்
"காரணம்" என்ற கட்டம் தீப்பெட்டி அளவு.
இரண்டு வாரமாக வெறுமையாக வைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான்.
ஸ்கேலவே துறைமுகம், மாலை நாலரை.
மஸல் படகு கரையணைகிறது.
இஞ்சினை அணைத்துவிட்டு
"மேக் ஹர் ஃபாஸ்ட்!" என்று கத்துகிறார் கிப்பி.
கரையில் கயிறும் கையுமாக ஹப்தோம்,
வேலைக்கு வந்து ஒன்பதாம் நாள்.
ஃபாஸ்ட் என்றால் வேகம்:
அஸ்மாராவில் பள்ளிக்கூடத்தில் படித்தது.
படகு வேகமாகப் போகவேண்டுமாம்.
போகவிடாமல் பிடித்திருப்பது எது?
கயிறு.
விட்டுவிட்டான்.

வற்றம் இழுத்தது,
மிக மிக மெதுவாக.
கையை விரித்து நின்ற கிப்பி
கட்டைவிரல் அளவாகும்வரை
கரையிலிருந்து கையசைத்தானாம்.

இழுத்து வந்தவர்கள் சால்மன் பண்ணைக்காரர்கள்.
இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

அலுவலகத்தில் மீன் சாண்ட்விச்சை நீட்டினேன்.
மீன் வேண்டாம், தேநீரில் பாலும் வேண்டாம்,
"ஐ ஆம் ஃபாஸ்ட்" என்றான்.
"பார்த்தேனே" என்றார் கிப்பி,
காலுறையைப் பிழிந்தபடி.
ஈஸ்டருக்கு முந்திய ஐம்பத்தைந்து நாளில்
அது நாற்பத்தொன்றாவது.
"எங்கள் மொழியில் ஸோம் என்றால் ஸோம்தான்.
அதைக்கொண்டு யாரும் படகு கட்டுவதில்லை."

அன்றிரவு நூலுக்குச் சாயம் தோய்த்தேன்.
டப்பாவில் அதே சொல்:
ஓடாத சாயமாம்.
ஓடுகிறவனுக்கும் அதே பேர்.
பேச்சு வந்த நாளிலிருந்து
என் வாயில் கிடக்கும் சொல்,
ஒருநாளும் உறுத்தியதில்லை.
குதிரையும் முளையும்
ஒரே கொட்டிலில் இருந்திருக்கின்றன,
நான் கதவைத் திறந்து பார்க்கவில்லை.

அவர்கள் ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை
காரக் கோழிக்குழம்பும் வட்ட ரொட்டியுமாக வந்தான்.
"பிரேக். ஃபாஸ்ட்." இரண்டாகப் பிய்த்துச் சொன்னான்,
ரொட்டியைப் பிய்ப்பதுபோலவே.
"நீங்கள் தினம் காலையில் உடைக்கிறீர்கள்.
விரதம் எப்போது இருக்கிறீர்கள்?"

தூங்கும்போது, என்றேன்.
அயர்ந்து தூங்குவதற்கும் அதே சொல்தான் என்பதை
சொல்லாமல் விட்டேன்.
குழம்பு ஆறிவிடும்.

கட்டத்தில் "கயிறு" என்று எழுதி
இங்கா ஐஸ்பிஸ்டர் என்று கையெழுத்திட்டேன்.
ஒரு முடிச்சு போதுமான இடத்தில்
இப்போது நாலு போடுகிறான்.
தினம் விடியலில்
அவிழ்க்க முடியாமல் கிப்பி திட்டுவது
மாடிவரை கேட்கிறது.